கழுத்தில் அழுந்தும் நரம்பு, முன்கையில் தெரியும் தடயம்

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகின்றன என்ற ஒரே புகாருடன் வரும் இருவரில், ஒருவருக்குக் கழுத்தில் சி6 நரம்பு வேர், அதாவது தண்டுவடத்திலிருந்து புறப்படும் கழுத்து நரம்புகளில் ஆறாவதன் தொடக்கப் பகுதி, அழுந்தியிருக்கலாம். மற்றவருக்குக் கழுத்தில் குறை ஏதுமின்றி, மணிக்கட்டின் குறுகிய பாதையில் மீடியன் நரம்பு நெரிபட்டிருக்கலாம். இருவரும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் என்றால், இருவரின் கழுத்து எம்ஆர்ஐ அறிக்கையிலும் டிஸ்க் (முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டு) பிதுங்கியிருக்கிறது என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அந்த வரியை மட்டும் நம்பிச் சிகிச்சையைத் தொடங்கினால், இரண்டாமவர் கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் கட்டிக்கொண்டிருப்பார். விரல்கள் மரத்துப்போவது மட்டும் நிற்காது. இவர்களைப் பிரித்தறிய உதவும் தடயம் பல நேரங்களில் வலிக்கும் கழுத்திலும் இல்லை, மரத்துப்போன விரல்களிலும் இல்லை. நோயாளி எந்தக் குறையும் சொல்லாத முன்கைத் தசைகளில்தான் அது இருக்கிறது.

அது ஏன் அங்கே இருக்கிறது என்பது நரம்புகள் செல்லும் வழியைப் பார்த்தால் விளங்கும். கழுத்தில் முள்ளெலும்புகள் ஏழு. அங்கிருந்து புறப்படும் நரம்பு வேர்களோ எட்டு இணை. முதல் ஏழு வேர்களும் தத்தம் எண்ணுடைய எலும்புக்கு மேலே வெளியேறுகின்றன. எட்டாவது வேர் மட்டும் ஏழாவது கழுத்தெலும்புக்கும் முதல் மார்பு முள்ளெலும்புக்கும் இடையே வெளியேறுகிறது. ஆகவே ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் பிதுங்கினால் அழுந்துவது சி6 வேர். ஆறுக்கும் ஏழுக்கும் இடையே பிதுங்கினால் சி7. அதற்கும் கீழே என்றால் சி8. இளவயதினரிடம் பெரும்பாலும் டிஸ்கின் மென்மையான உட்பகுதி வெளியே தள்ளி வேரை அழுத்துகிறது. வயதானவர்களிடம் எலும்பு விளிம்புகளில் வளரும் முட்கள், வேர் வெளியேறும் துளையைக் குறுக்கிவிடுகின்றன. 'கழுத்தெலும்புத் தேய்மானம்' என்று நம் ஊரில் பொதுவாகச் சொல்லப்படுவது இந்த இரண்டாவது வகைதான். ஆனால் தேய்மானம் இருப்பது வேறு, அதனால் ஒரு வேர் அழுந்தியிருப்பது வேறு.

சி5 முதல் முதல் மார்பு வேர் வரையிலான ஐந்து வேர்களும் கழுத்தின் பக்கவாட்டிலிருந்து அக்குள் வரை ஒன்றோடொன்று கலந்து, பிரிந்து, மீண்டும் கலந்து ஒரு பின்னலாகின்றன. அந்தப் பின்னலின் மறுமுனையிலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகள் ஒவ்வொன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட வேர்களின் இழைகளைச் சுமக்கின்றன. அதேபோல் ஒவ்வொரு வேரும் தன் இழைகளைப் பல நரம்புகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. வேரைப் பேருந்துப் பணிமனையாகவும் நரம்பைச் சாலையாகவும் எண்ணிக்கொள்ளலாம். ஒரு பணிமனையில் வேலைநிறுத்தம் என்றால் பல சாலைகளிலும் அந்தப் பணிமனையின் பேருந்துகள் மட்டும் வராது. ஒரு சாலையில் மறியல் என்றால் எந்தப் பணிமனையின் பேருந்தாக இருந்தாலும் அந்தச் சாலையில் ஓடாது. கழுத்து வேரா, கையிலுள்ள நரம்பா என்ற கேள்விக்கு மருத்துவர் விடை தேடும் முறையும் இதுவே. ஒரே வேரைச் சார்ந்தும் வெவ்வேறு நரம்புகளிடம் கட்டளை பெறும் தசைகள் ஒருசேரச் சோர்ந்திருந்தால் கோளாறு வேரில். ஒரே நரம்பைச் சார்ந்தும் வெவ்வேறு வேர்களிலிருந்து கட்டளை பெறும் தசைகள் ஒருசேரச் சோர்ந்திருந்தால் கோளாறு நரம்பில்.

இந்தச் சோதனைக்கு முன்கையைப் போல் வாய்ப்பான இடம் உடலில் குறைவு. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட சிறிய நீளத்தில் சுமார் இருபது தசைகள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. மீடியன், அல்நார், ரேடியல் என்ற மூன்று நரம்புகள் அவற்றைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சி5 தொடங்கி முதல் மார்பு வேர் வரை எல்லா வேர்களுக்கும் அங்கே ஏதாவது ஒரு பங்கு உண்டு. உள்ளங்கைப் பக்கத்தில் மணிக்கட்டையும் விரல்களையும் மடக்கும் தசைகளில் பெரும்பாலானவை மீடியன் நரம்புக்கு உரியவை. மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மடக்கும் தசையும், மோதிர விரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனிகளை மடக்கும் ஆழ்தசையின் பாதியும் மட்டும் அல்நார் நரம்பைச் சேர்ந்தவை. புறங்கைப் பக்கத்தில் மணிக்கட்டையும் விரல்களையும் நீட்டும் தசைகள் அனைத்தும், முழங்கையை மடக்க உதவும் பிரேக்கியோரேடியாலிஸ் தசையும் ரேடியல் நரம்புக்கோ அதன் கிளைக்கோ உரியவை. வேர்களின் பங்கீட்டை நினைவில் வைக்க ஓர் எளிய வழி உண்டு: கட்டைவிரல் பக்கத்து மேல்முன்கை சி6, நடுவில் சி7, விரல்நுனிகளை ஆளும் ஆழ்தசைகள் சி8. நுணுக்கத்தில் இதற்கு விலக்குகள் இருந்தாலும், நோயாளியின் அருகில் நின்று சோதிக்கும்போது இது கைகொடுக்கும்.

முதலில் சொன்ன இருவரிடம் திரும்புவோம். மணிக்கட்டில் மீடியன் நரம்பு நெரிபடும்போது முன்கைத் தசைகளில் ஒன்றுகூடச் சோர்வடையாது. ஏனெனில் அந்தத் தசைகளுக்கான கிளைகள் அனைத்தும் நரம்பு மணிக்கட்டை அடைவதற்கு முன்பே பிரிந்துவிடுகின்றன. பாதிக்கப்படுவது கட்டைவிரலின் அடிமேட்டுத் தசைதான். சி6 வேர் அழுந்தும்போதோ, அடிமேட்டுத் தசைக்கு ஒன்றும் நேர்வதில்லை. மாறாக, முன்கையைக் கவிழ்க்கும் ப்ரோனேட்டர் டெரஸ், மணிக்கட்டைக் கட்டைவிரல் பக்கமாக நீட்டும் தசை, மேற்கையின் பைசெப்ஸ் ஆகிய மூன்றும் பலவீனமடையக்கூடும். முதலாவது மீடியன் நரம்பைச் சேர்ந்தது, இரண்டாவது ரேடியல் நரம்பைச் சேர்ந்தது, மூன்றாவது தசைத்தோல் நரம்பைச் சேர்ந்தது. மூன்று நரம்புகளும் ஒரே நேரத்தில் தனித்தனியே கெட்டிருக்கும் என்று எண்ணுவதைவிட, மூன்றுக்கும் பொதுவான ஒரு வேர் கெட்டிருக்கிறது என்று எண்ணுவதே பொருத்தம்.

இவற்றில் கவிழ்க்கும் வலிமையைச் சோதிப்பது வியக்கத்தக்க அளவுக்கு அலட்சியப்படுத்தப்படுகிறது. சி6 வேர்ப் பாதிப்பில் மணிக்கட்டு நீட்டும் வலிமை குறைவதைவிட முன்கையைக் கவிழ்க்கும் வலிமை குறைவது ஏறக்குறைய இரு மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது என்று 2007இல் ஸ்பைன் ஆய்விதழில் வெளியான ஆய்வு ஒன்று காட்டிய பிறகும், புறநோயாளிப் பிரிவில் இதைச் செய்து பார்ப்பவர்கள் சிலரே. செய்முறை எளிது. நோயாளி முழங்கையை ஓரளவு நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்குமாறு முழுமையாகக் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் மணிக்கட்டுக்குச் சற்று மேலே முன்கையைப் பற்றி, அதை மல்லாத்த முயல வேண்டும். நோயாளி அதை எதிர்க்க வேண்டும். விரல்களைப் பற்றித் திருப்பினால் பிடியின் வலிமையும் சேர்ந்துகொண்டு குழப்பும். முழங்கையை முழுவதும் மடக்கிவைத்துச் சோதித்தாலும் ஒரு தவறு நேரும்: அந்த நிலையில் ப்ரோனேட்டர் டெரஸ் தளர்ந்துவிட, மணிக்கட்டருகே உள்ள சதுரத் தசை வேலையை ஏற்றுக்கொள்கிறது, அது பெரிதும் சி8 சார்ந்தது. மறு கையையும் இதேபோல் சோதித்து ஒப்பிடாமல் முடிவுக்கு வரக் கூடாது.

சி7 வேர்தான் கழுத்தில் மிக அதிகமாக அழுந்தும் வேர். அடுத்த இடம் சி6க்கு. சி7 பாதிப்பில் நடுவிரல் மரத்துப்போகும், தோள்பட்டை எலும்பை ஒட்டிய முதுகுப் பகுதியில் குடைச்சல் இருக்கும், முழங்கையை நீட்டும் டிரைசெப்ஸ் தசை சோர்வடையும். ஆனால் கையைக் கீழே தொங்கவிட்டாலே புவியீர்ப்பு முழங்கையை நீட்டிவிடுவதால், டிரைசெப்ஸ் பாதி வலிமையை இழந்திருந்தாலும் அன்றாட வேலையில் பலருக்கும் அது தெரிவதில்லை. கேட்டால் வலிமை சரியாகத்தான் இருக்கிறது என்பார்கள். சுவரில் கைவைத்துத் தள்ளச் சொன்னால் ஒரு பக்கம் முழங்கை மடிந்துவிடும்.

சி7 பாதிப்பைக் குழப்பத்துக்கு உள்ளாக்கும் நோய், ரேடியல் நரம்பு மேற்கை எலும்பைச் சுற்றிச் செல்லும் இடத்தில் அழுந்துவது. குடித்துவிட்டோ, அளவுக்கு மீறிய களைப்பிலோ நாற்காலியின் முதுகில் கையைத் தொங்கப் போட்டபடி உறங்கி எழுபவர்களுக்கு இது நேர்கிறது. காலையில் மணிக்கட்டு தொங்கிப்போயிருக்கும். இங்கே இரண்டு தசைகளை ஒப்பிட்டாலே விடை கிடைத்துவிடும் என்பது முன்கை உடற்கூறின் நேர்த்திகளுள் ஒன்று. டிரைசெப்ஸுக்கான கிளைகள் அந்த இடத்துக்கு மேலேயே பிரிந்துவிடுகின்றன. ஆகவே ரேடியல் நரம்புப் பாதிப்பில் டிரைசெப்ஸ் தப்பிக்கிறது, பிரேக்கியோரேடியாலிஸ் சோர்கிறது. சி7 வேர்ப் பாதிப்பில் இது தலைகீழ்: டிரைசெப்ஸ் சோர்கிறது, சி5, சி6 வேர்களைச் சார்ந்த பிரேக்கியோரேடியாலிஸ் தப்பிக்கிறது. கட்டைவிரல் மேல்நோக்கி இருக்கும்படி கையை வைத்து, எதிர்ப்புக்கு எதிராக முழங்கையை மடக்கச் சொன்னால், முன்கையின் மேல் விளிம்பில் கயிறுபோல் புடைத்தெழுவதுதான் பிரேக்கியோரேடியாலிஸ். அதைக் கண்ணால் பார்க்கலாம். கையால் பிடித்தும் பார்க்கலாம். மேலும், சி7 பாதிப்பில் மணிக்கட்டை மடக்கும் தசையும் சோர்வடையும். அது மீடியன் நரம்பைச் சேர்ந்தது என்பதால் ரேடியல் நரம்பின் மீது அந்தக் குற்றத்தைச் சுமத்த முடியாது.

மணிக்கட்டு தொங்கிய கையைச் சோதிக்கும்போது ஒரு பொறி உண்டு. தொங்கிய நிலையில் விரல்களை விரிக்கச் சொன்னால் சரியாக விரியாது, பிடியும் தளர்ந்திருக்கும், அல்நார், மீடியன் நரம்புகளும் கெட்டுவிட்டன என்று தோன்றும். உள்ளங்கையை மேசைமீது பதிய வைத்து, மணிக்கட்டுக்கு ஆதாரம் கொடுத்த பிறகு சோதித்தால், விரல்கள் நன்றாகவே விரிவதைக் காணலாம். இந்த ஒரு நிமிடச் சோதனையைத் தவறவிட்டதால், மூன்று நரம்புகளும் பாதிக்கப்பட்டதாகக் குறிப்பெழுதி, தேவையற்ற தேடல்களில் இறங்குவது உண்டு.

சி8 வேருக்கும் முழங்கையில் அழுந்தும் அல்நார் நரம்புக்கும் இடையிலான வேறுபாடு இன்னும் நுட்பமானது. இரண்டிலும் சுண்டுவிரல் மரத்துப்போகும், உள்ளங்கையின் சிறு தசைகள் மெலியும். முன்கைக்கு வந்தால் பாதை பிரிகிறது. அல்நார் நரம்பு மட்டும் பாதிக்கப்பட்டால், சுண்டுவிரல் நுனியை மடக்கும் வலிமை குறையலாம். கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் மடக்கும் வலிமை மாறாது, ஏனெனில் அவை மீடியன் நரம்பின் முன் இடையெலும்புக் கிளைக்கு உரியவை. ஆள்காட்டி விரலைத் தனியே நிமிர்த்துவதும் இயல்பாகவே இருக்கும். அது ரேடியல் நரம்பின் வேலை. சி8 வேர் பாதிக்கப்பட்டால் இந்த மூன்றுமே சோர்ந்துபோகக்கூடும். உணர்ச்சிக் குறைவின் எல்லையும் துணைநிற்கிறது. அல்நார் நரம்பு மோதிர விரலை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, சுண்டுவிரல் பக்கத்துப் பாதியை மட்டும் ஆள்கிறது. அதன் உணர்ச்சி எல்லை மணிக்கட்டுடன் நின்றுவிடும். முன்கையின் உட்புறத் தோலுக்குப் பின்னலிலிருந்து நேரே வேறொரு நரம்பு வருகிறது. மரத்துப்போதல் மணிக்கட்டு மடிப்பைத் தாண்டி முன்கையில் ஏறியிருந்தால், முழங்கைக்கு மேலே, பின்னலிலோ வேரிலோதான் தேட வேண்டும்.

கழுத்தை நேரடியாகச் சோதிக்கும் முறைகளில் பெயர்பெற்றது ஸ்பர்லிங் சோதனை. அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்களான ஸ்பர்லிங்கும் ஸ்கோவிலும் 1944இல் இதை விவரித்தார்கள். தலையை வலிக்கும் பக்கமாகச் சாய்த்து, பின்னால் வளைத்து, உச்சியில் மெதுவாக அழுத்தும்போது வலி கையில் பாய்ந்தால் வேர் அழுந்தியிருக்கும் வாய்ப்பு அதிகம். கழுத்தில் மட்டும் வலித்தால் அதற்குப் பொருளில்லை. இந்தச் சோதனை நேர்மறையாக வந்தால் பெரும்பாலும் நம்பலாம், எதிர்மறையாக வந்தால் ஒன்றையும் விலக்கிவிட முடியாது. 2003இல் வைன்னர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, ஸ்பர்லிங் சோதனை, கழுத்தை மேல்நோக்கி இழுக்கும்போது வலி குறைதல், வலிக்கும் பக்கமாகத் தலையை 60 டிகிரிக்குக் குறைவாகவே திருப்ப முடிதல், மீடியன் நரம்பை நீட்டி இழுக்கும் சோதனை ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்கும்படி பரிந்துரைத்தது. நான்கும் நேர்மறையாக இருந்தால் நோய் இருப்பதற்கான சாத்தியம் பன்மடங்கு உயர்கிறது. இவற்றால் வேர் அழுந்தியிருக்கிறதா என்று சொல்ல முடியும். எந்த வேர் என்பதை அனிச்சைகளும் (தசைநாணைச் சுத்தியலால் தட்டும்போது தசை தானாகச் சுருங்குவது) தசைகளும்தான் சொல்ல வேண்டும். பைசெப்ஸ் அனிச்சை சி5, சி6. பிரேக்கியோரேடியாலிஸ் அனிச்சை சி6. டிரைசெப்ஸ் அனிச்சை சி7.

ஸ்கேன் இவ்வளவு தெளிவாகப் படம் காட்டும்போது இத்தனை சோதனைகள் எதற்கு என்று கேட்கலாம். நோயில்லாதவர்களின் கழுத்தைப் படமெடுத்த ஆய்வுகளே அதற்குப் பதில் தருகின்றன. 1990இல் போடன் குழுவினர், எந்தப் புகாரும் இல்லாத 63 பேருக்குக் கழுத்து எம்ஆர்ஐ எடுத்தபோது, 40 வயதுக்குக் குறைந்தவர்களில் 14 விழுக்காட்டினரிடமும் அதற்கு மேற்பட்டவர்களில் 28 விழுக்காட்டினரிடமும் பெரிய அளவிலான குறைகள் தென்பட்டன. ஜப்பானில் நகாஷிமா குழுவினர் 1,211 ஆரோக்கியமானவர்களைப் படமெடுத்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், 87.6 விழுக்காட்டினருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. அதாவது, தெருவில் போகிறவர்களை நிறுத்திப் படமெடுத்தாலும் அறிக்கையில் எழுதுவதற்கு ஏதாவது கிடைத்துவிடும். கவிழ்க்கும் வலிமையும் பைசெப்ஸ் அனிச்சையும் குறைந்த ஒருவருக்கு ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு இடையே அதே பக்கத்தில் பிதுக்கம் இருந்தால், அந்தப் படம் சாட்சியாகிறது. தசைகள் எல்லாம் இயல்பாக இருக்க, மறுபக்கத்தில் பிதுக்கம் இருந்தால் அது அவருடைய வயதைத்தான் காட்டுகிறது.

கையால் செய்யும் சோதனையில் ஐயம் எஞ்சும்போது நரம்புக் கடத்தல் சோதனையும் தசையில் ஊசி செலுத்திச் செய்யும் இஎம்ஜியும் உதவுகின்றன. இவற்றின் முடிவு ஒன்று நோயாளிகளைத் திகைக்கவைப்பது வழக்கம்: விரல் மரத்துப்போயிருக்கிறது, ஆனால் உணர்ச்சி நரம்பின் கடத்தல் இயல்பாக இருக்கிறது என்று அறிக்கை வருகிறது. சோதனை தவறில்லை. உணர்ச்சி இழைகளின் செல்கள் தண்டுவடத்துக்குள் இல்லை. அதற்கு வெளியே, எலும்புத் துளையருகே உள்ள முடிச்சில் இருக்கின்றன. டிஸ்க் பெரும்பாலும் அந்த முடிச்சுக்கும் தண்டுவடத்துக்கும் இடையே அழுத்துகிறது. ஆகவே கையிலுள்ள இழை தன் செல்லோடு தொடர்பு அறுபடாமல் உயிருடன் இருக்கிறது, மின்தூண்டலையும் கடத்துகிறது. செய்தி மூளைக்குப் போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது. விரல் மரத்திருந்தும் கடத்தல் இயல்பாக இருப்பது வேர்ப் பாதிப்புக்கு ஆதரவான சான்று. அதே விரலில் கடத்தல் குறைந்திருந்தால், முடிச்சுக்கு வெளியே, பின்னலிலோ நரம்பிலோ கோளாறைத் தேட வேண்டும்.

ஊசிச் சோதனையில் காலம் முக்கியம். வேர் அழுந்தித் தசை இழைகள் தம் நரம்பை இழந்த பிறகு, அவை தாமாகவே துடிக்கத் தொடங்குகின்றன. ஊசி அசையாமல் இருக்கும்போதே ஒலிபெருக்கியில் சீரான இடைவெளியில் கேட்கும் மெல்லிய 'டிக்' ஒலிதான் அதற்கு அடையாளம். முதுகெலும்பை ஒட்டிய தசைகளில் இது ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் தெரியும். முன்கையில் தெரிய இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். வலி வந்த மூன்றாம் நாளே இஎம்ஜி எடுத்து, இயல்பாக இருக்கிறது என்று ஆறுதல் கொள்வதில் பயனில்லை. பல மாதங்கள் கழித்து எடுத்தாலும், பக்கத்து நரம்பிழைகள் கைவிடப்பட்ட தசையிழைகளை ஏற்றுக்கொண்டுவிட்டதால் அந்த ஒலி மறைந்திருக்கலாம். உணர்ச்சி இழைகள் மட்டும் அழுந்தியிருந்தால் இஎம்ஜி ஒருபோதும் எதையும் காட்டாது. எத்தனை தசைகளில் ஊசி குத்த வேண்டும் என்பதையும் டில்லிங்ஹாம் குழுவினர் ஆராய்ந்திருக்கிறார்கள்: கழுத்தெலும்பை ஒட்டிய தசையையும் சேர்த்து, எல்லா வேர்களையும் தொடும்படி ஆறு தசைகளைத் தேர்ந்தால், இஎம்ஜியால் கண்டறியக்கூடிய வேர்ப் பாதிப்புகளில் 94 முதல் 99 விழுக்காடு வரை பிடிபட்டுவிடும். அந்த ஆறில் ப்ரோனேட்டர் டெரஸும் விரல்களை நீட்டும் முன்கைத் தசையும் அடிக்கடி இடம்பெறுகின்றன.

கழுத்தில் வேர் அழுந்தும் இந்த நோய் வெகு அரிதானதன்று. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ரோச்செஸ்டர் நகரில் 1976 முதல் 1990 வரையிலான மருத்துவப் பதிவுகளைத் திரட்டிய ஆய்வு, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 83 பேருக்கு இது வருவதாகக் கணித்தது. 50 முதல் 54 வயதினரிடையே மிகுதி. கனமான பொருளைத் தூக்கியதோ அடிபட்டதோ காரணமாகச் சொல்லப்பட்டவர்கள் சுமார் 15 விழுக்காடு மட்டுமே. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கடைசியாகப் பார்த்தபோது 90 விழுக்காட்டினர் தொல்லை ஏதுமின்றியோ மிகச் சிறிய தொல்லையுடனோ இருந்தார்கள். பிதுங்கிய டிஸ்க் பகுதியை உடல் தானே கரைத்துக்கொள்வதும் வேரைச் சுற்றிய அழற்சி தணிவதும் இதற்குக் காரணங்கள். ஆகவே வலிமைக் குறைவு கூடிக்கொண்டே போகாதவரை, முதல் சில வாரங்களுக்கு வலிநிவாரணியும் ஓய்வும் பிறகு பயிற்சியும் போதும் என்பதே பொதுவான அணுகுமுறை.

நோயை இனங்காண்பதில் இருக்கும் தடுமாற்றமும் புதிதன்று. மெம்ஃபிஸ் நகரத்து அறுவை மருத்துவர்களான செம்ஸும் மர்ஃபியும் சி7 வேர் அழுத்தத்தை 1943இல் விவரித்தபோது எடுத்துக்காட்டிய நான்கு நோயாளிகளின் அறிகுறிகளும் இதயநோயை ஒத்திருந்தன. மார்புத் தசைக்கும் சி7இன் இழைகள் செல்வதால், இடப்பக்க வேர் அழுந்தினால் இடது மார்பிலும் கையிலும் வலிக்கும். அதற்காக இடது கை வலியைக் கழுத்தின் கணக்கில் எழுதிவிட்டு இசிஜி எடுக்காமல் விடுவது ஆபத்து. முதலில் இதயம், பிறகுதான் கழுத்து.

வேறு சில நோய்களும் இங்கே வேடமிட்டு வரும். தோளில் கடுமையான வலி வந்து, சில நாட்களில் அது தணியும்போது கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் மடங்காமல் போனால், இரண்டு விரல்களையும் சேர்த்து வட்டமிடச் சொன்னால் அது தட்டையாகிப் போனால், தோலில் உணர்ச்சிக் குறைவும் இல்லையென்றால், அது வேர்ப் பாதிப்பாக இருக்கும் வாய்ப்பு குறைவு. பார்சனேஜும் டர்னரும் 1948இல் விவரித்த நரம்பழற்சி, முன் இடையெலும்புக் கிளையைத் தாக்கியிருக்கலாம். கழுத்திலும் மணிக்கட்டிலும் ஒரே நேரத்தில் நரம்பு அழுந்துவதும் உண்டு. ஓரிடத்தில் நெரிபட்ட நரம்பு மற்றோரிடத்தில் எளிதில் நலிவுறும் என்று அப்டனும் மக்கோமஸும் 1973இல் முன்வைத்த 'இரட்டை நெரிப்பு' கருத்து இன்றும் விவாதத்துக்கு உரியது. என் பார்வையில் அந்தக் கருத்து அளவுக்கு மீறிப் பயன்படுத்தப்படுகிறது. இரண்டு இடங்களையும் தனித்தனியே நிறுவாமல், ஐயம் வந்த இடத்திலெல்லாம் அதைப் போர்வையாக்குவது வசதியாகிவிட்டது.

காத்திருக்கக் கூடாத நிலை ஒன்றையும் முன்கையே காட்டிக்கொடுக்கும். பிரேக்கியோரேடியாலிஸ் தசைநாணை மணிக்கட்டுக்குச் சற்று மேலே சுத்தியலால் தட்டும்போது முழங்கை மடங்குவதுதான் இயல்பு. முழங்கை அசையாமல் விரல்கள் மடங்கினால், ஆறாவது வேரின் மட்டத்தில் அனிச்சை அறுபட்டு, அதற்குக் கீழே தண்டுவடம் கட்டுப்பாடு இழந்திருக்கிறது என்று பொருள். பாபின்ஸ்கி 1910இல் விவரித்த இந்தத் தலைகீழ் அனிச்சை, வேரோடு தண்டுவடமும் அழுந்தியிருப்பதைக் காட்டுகிறது. சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, நடையில் தள்ளாட்டம், சிறுநீரை அடக்க முடியாமை ஆகியவை சேர்ந்திருந்தால் ஸ்கேனையும் அறுவை மருத்துவரின் கருத்தையும் தள்ளிப்போடக் கூடாது.

டிஸ்க் பிதுங்காமலேயே கழுத்து முன்கையைக் கெடுக்கும் ஒரு நோய் நம் நாட்டு மருத்துவர்களுக்குக் கூடுதலாகப் பழக்கமானது. ஜப்பானியரான கெய்சோ ஹிராயாமா 1959இல் விவரித்த இந்த நோய், பெரும்பாலும் 15 முதல் 25 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு வருகிறது; பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்திலிருந்து கௌரி-தேவி குழுவினர், ஒரே கையோ காலோ மெலியும் நோயாளிகளைப் பற்றி 1984இல் எழுதிய பிறகு, இந்தியாவிலிருந்து பல தொகுப்புகள் வெளிவந்திருக்கின்றன. வலியே இல்லாமல் ஒரு கை மெலியத் தொடங்கும். குளிர்ந்த நீரில் கைவைத்தால் விரல்கள் இன்னும் வலுவிழக்கும். சட்டையைச் சுருட்டி முன்கையைப் பார்த்தால், சி7, சி8, முதல் மார்பு வேர் ஆகியவற்றைச் சார்ந்த தசைகள் எல்லாம் மெலிந்திருக்க, சி6 சார்ந்த பிரேக்கியோரேடியாலிஸ் மட்டும் முழுமையாக நிற்கும். மெலிந்த பகுதிக்கும் மெலியாத பகுதிக்கும் இடையே ஒரு சாய்ந்த கோடு தெளிவாகத் தெரியும். அல்நார் நரம்போ ரேடியல் நரம்போ கெட்டால் இப்படி ஒரு கோடு உருவாகாது.

தலையைக் குனியும்போது தண்டுவடத்தின் உறை பின்புறத்திலிருந்து விலகி முன்னோக்கி நகர்ந்து, தண்டுவடத்தின் கீழ்க்கழுத்துப் பகுதியை எலும்போடு சேர்த்து அழுத்துவதே இதற்குக் காரணம். நோய் சில ஆண்டுகள் வளர்ந்து பிறகு தானே நின்றுவிடும். அதற்குள் கழுத்துப் பட்டையால் குனிவதைத் தடுத்தால் இழப்பைக் குறைக்கலாம். தேய்மானம் என்ற பெயரில் தேவையில்லாதவர்களின் கழுத்தையெல்லாம் அலங்கரிக்கும் அந்தப் பட்டை உண்மையிலேயே வேலை செய்யும் நோய்களில் இது ஒன்று. ஆனால் ஸ்கேன் மையத்தில் மல்லாந்து படுத்து, கழுத்தை நேராக வைத்து எடுக்கும் வழக்கமான எம்ஆர்ஐயில் உறை தன் இடத்திலேயே இருக்கும். தண்டுவடம் சற்று மெலிந்திருப்பதைத் தவிர வேறொன்றும் தென்படாமல் போகலாம். முன்கையில் அந்தச் சாய்ந்த கோட்டைப் பார்த்த மருத்துவர், கழுத்தைக் குனிந்த நிலையிலும் படமெடுக்க வேண்டும் என்று பரிந்துரைச் சீட்டில் எழுதினால்தான் நோய் படத்தில் விழும்.